சாமியா, சட்டமா: குமரியில் ஊரைக் கட்டிக் காப்பது எது?

"சாமி பயம் போயிட்டா ஊரு நாறிப்போயிரும் மக்களே" என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். எங்கள் குமரி மாவட்டத்தில் கோயில், குருசடி (சிலுவை வைத்த சிறு ஆலயம்), பள்ளிவாசல், பதி (அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் இடம்) என்று ஏதாவது ஒன்றின் ஸ்பீக்கர் சத்தம் கேட்காமல் பொழுது விடியாது. 2011 கணக்கெடுப்பின்படி இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், முஸ்லிம்கள் 4.2 சதவீதம். ஒழுங்காக வாழ மதம் வேண்டுமா, சட்டம் போதுமா என்று உரசிப் பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடையாது.

மதத்தின் பலத்தை நான் கண்ணால் கண்டது 2017 நவம்பர் கடைசியில், ஒக்கிப் புயலில். கடலுக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசு சொன்ன எண்ணிக்கை ஒன்றாகவும் கடற்கரைப் பங்குகளில், அதாவது கத்தோலிக்க ஆலய வட்டாரங்களில், எடுத்த பட்டியல் வேறாகவும் இருந்தது. எந்த வீட்டு ஆள் யாருடைய போட்டில் போனான், கூடப் போன மச்சான் யார் என்பது பங்குக்குத் தெரியும். கலெக்டர் ஆபீஸ் ஃபைலுக்கு அது தெரியாது. ஆனால் ஒன்று: அங்கே வேலை செய்தது வேதபாடம் அல்ல, வீடு வீடாக ஆளைத் தெரிந்து வைத்திருந்த பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு ஒரு கூரை கொடுத்தது பங்குக் கோயில். இதில் சட்டத்தைவிட மதம் ஒரு படி மேல்தான்.

சரி, நியாயம் சொல்லும் வேலைக்கு வருவோம். சுசீந்திரம் கோயிலில் ஒரு காலத்தில் கைமுக்கு என்று ஒரு விசாரணை இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். கை வெந்தால் குற்றவாளி. சாமி முன்னிலையில் நடந்ததால் எதிர்த்துக் கேட்க ஆளில்லை. குமரி திருவிதாங்கூரோடு இருந்த அந்நாளில், அதன் மன்னர் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில்தான் அது நின்றது. நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்றதும் 'ஆசாரம்' என்ற பெயரில்தான். அன்றும் ஊர் ஒழுங்காகத்தான் இருந்தது; அந்த ஒழுங்கு யார் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது என்பதுதான் கேள்வி.

சட்டமும் அப்போது யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. 1859 திருவிதாங்கூர் அரசாணை நாடார் பெண்களின் மேல்துணிக்கு அனுமதி கொடுத்துவிட்டு, மேல்சாதிப் பெண்களைப்போல மட்டும் உடுத்தக் கூடாது என்று ஒரு முள்ளையும் வைத்தது.

அந்தக் காலத்தில் நிமிர வைத்தவர்களில் ஒருவர், அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் (1809–1851). எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முத்திரிக் கிணறு. தலைப்பாகை கட்டத் தடை இருந்தவர்களுக்கு, தலைப்பாகையோடுதான் பதிக்குள் வர வேண்டும் என்ற முறை. அவருடைய தலைமைப் பதி இருக்கும் சாமிதோப்பில் உள்ளே போனால் எதிரே இருப்பது கண்ணாடி. கும்பிடுபவனுக்குத் தெரிவது அவன் முகமேதான். முதல்முறை அதன்முன் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆசாரத்தை உடைத்ததும் மதம்தான் என்பதை எந்த நாத்திகரும் மறுக்க முடியாது.

ஆனால் இரண்டு மதத்துக்கு நடுவே சண்டை வந்தால்? 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே நடந்தது அதுதான். இரண்டு பக்கத்திலும் சாமி பயம் உள்ளவர்கள்தான் இருந்தார்கள். அந்தப் பயம் கலவரத்தைத் தடுக்கவில்லை. போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி, அப்புறம் அதை விசாரிக்க வேணுகோபால் ஆணையம். பாதிக்குப் பாதி இருக்கிற இடத்தில் ஒரு மதத்தின் நீதியை அடுத்தவன் ஏன் ஏற்கப் போகிறான்? அங்கே சட்டம்தான் பொது. அதற்கு ஈரம் குறைவு, வேகமும் குறைவு. ஆனாலும் அதற்கு மாற்று இல்லை.

சாமி இல்லை என்பவர்கள் கெட்டுப்போவார்கள் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. கோயில் வாசலே மிதிக்காத, நாணயம் தவறாத ஆட்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

ஆகவே என் கட்சி இது: ஒருத்தரை ஒருத்தர் தாங்க மதம் இருக்கட்டும், தீர்ப்புச் சொல்லும் வேலை மட்டும் அதனிடம் போகக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், புருஷன் அடித்த கன்னத்தோடு கோயில் கமிட்டிக்குப் போனார். "அனுசரிச்சுப் போம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த பிறகுதான் அடி நின்றது. ஆனால் கேஸ் நடந்த அந்த மாதங்களில் அவர் வீட்டுக்கு அரிசியும் மீனும் கொண்டுபோய்க் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தது அன்பியத்து (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த குழு) பெண்கள்தான்.