மண் வீடு கட்டுகிறவர்களே, சிமெண்ட் மூட்டையை எண்ணுங்கள்

திருவண்ணாமலைப் பக்கம் எங்களுக்கு இருந்த கொஞ்சம் நிலத்தில் மண் வீடு கட்டப்போய் ஏமாந்த கதை இது. அட்வான்ஸ் கொடுக்கப் பணத்தை எடுத்து வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

மகளுக்கு வீசிங். சென்னை வாடகை வீட்டில் பெயிண்ட் அடித்தால் அந்த வாரம் முழுக்க நெபுலைசர்தான். மண்ணும் சுண்ணாம்புமாக, பெயிண்ட் வாடையே இல்லாமல் ஒரு வீடு வேண்டும் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். வந்த காண்ட்ராக்டர் நன்றாகப் பேசினார். மூச்சுக்கு ஒரு முறை லாரி பேக்கர், உள்ளூர்ப் பொருட்களில் சிக்கனமாக வீடு கட்டிப் பேர் வாங்கிய கட்டடக் கலைஞர். திருவனந்தபுரத்தில் பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் படங்களைப் போனில் தள்ளித் தள்ளிக் காட்டினார். 900 சதுர அடி, சதுர அடிக்கு 2,400 ரூபாய். ஒப்பந்தத்தில் 'இயற்கைப் பொருட்கள் பயன்படுத்தப்படும்' என்று ஒரே ஒரு வரி. எந்த மண், எத்தனை சதவீதம் சிமெண்ட், சுவருக்கு என்ன பூச்சு, எதுவும் கிடையாது. நாங்கள் பணம் கட்ட வேண்டிய தேதிகள் மட்டும் வரிசையாக இருந்தன. கையெழுத்துப் போட்டேன்.

மழைநீர்த் தொட்டிக்குத் தனியாக 45,000 வாங்கினார், 'சுற்றுச்சூழல் அம்சம்' என்று. தமிழ்நாட்டில் 2003லிருந்து அது எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாசியில் கல் அறுக்க ஆரம்பித்தார்கள். அழுத்தி எடுக்கும் மண் கல்லுக்கு மேல்மண்ணை வழித்துத் தள்ளிவிட்டு அடிமண்ணைத்தான் எடுக்க வேண்டும். இவர்கள் வேர்க்கடலை போட்ட மேல்மண்ணையே வாரினார்கள். கல்லை நிழலில் அடுக்கி, மூடி, 28 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். எங்கள் கல் வெயிலில் கிடந்தது, எட்டாம் நாள் சுவரில் ஏறியது. வேலைக்கு வந்த கொத்தனார் ஒருவர் டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "சார், மூட்டைய எண்ணுங்க." நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். எண்ணவில்லை.

பிறகு கணக்குப் போட்டேன். ஒரு கல் சுமார் 10 கிலோ. தண்ணீரில் கரையாமலிருக்க மண்ணோடு 5 சதவீதம் சிமெண்ட் கலப்பது என்றால் கல்லுக்கு அரைக் கிலோ, 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 100 கல். எங்களுக்கு 6,000 கல், அதாவது 60 மூட்டை. கடைப் பில்லில் கல்லுக்கென்று இறங்கியது 25.

சுண்ணாம்புப் பூச்சுக்காகக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய டிரம்மைப் பார்த்து என் அம்மா கண் கலங்கினார், தன் தாத்தா வீட்டு ஞாபகம். அந்த டிரம் ஒரே ஒரு நாள் இருந்தது. படம் எடுத்த மறுநாள் காணோம். வெளிச்சுவரில் ஏறியது சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெண்ட் பூச்சு. மண் சுவர் மேல் அது ஒட்டாது, உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடாது.

ஆவணியில் குடிபுகுந்தோம். ஐப்பசி மழையில் கிழக்குச் சுவரைத் தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். ஒரு ராத்திரி பூச்சு அப்பளம் போலப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே மகள் கட்டிலுக்குப் பின்னால் கருப்பாகப் பூஞ்சை. வீசிங்குக்குப் பயந்து கட்டிய வீட்டில் மறுபடி நெபுலைசர்.

மிச்சமிருந்த கல் ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டேன். காலையில் வாளியில் கல் இல்லை, சேறுதான் இருந்தது. ஒழுங்காகச் செய்த கல் அப்படியே நிற்கும். இந்தச் சோதனைக்கு ஒரு ராத்திரி போதும், செலவு ஒன்றுமில்லை. முதல் நூறு கல் 28 நாள் இறுகியவுடன் செய்து பாருங்கள், மிச்ச மண்ணைக் குழைக்கும் முன். அதற்கும் முன்னால் மண்ணை ஊறுகாய் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் அடியில், களி மேலே படியும். பாதிக்கு மேல் மணலும் பொடிக்கல்லும், ஐந்தில் ஒரு பங்கு களியும் இருந்தால் நல்ல மண். எங்கள் பாட்டிலில் மேலே வேரும் சருகும் மிதந்தன.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "சிமெண்ட் எவ்வளவுன்னு எழுதி வாங்கினீங்களா?" அப்புறம், பணத்தைத் தேதிக்குக் கட்டாமல் வேலை முடிந்த கட்டத்துக்குக் கட்டியிருந்தால் லிண்டல் மட்டத்திலேயே நிறுத்தியிருக்கலாம் என்றார். சரிதான். இப்போது இரண்டு சுவரை இடித்துச் செங்கல்லில் எழுப்புகிறோம்.

அந்தக் காண்ட்ராக்டரின் இன்ஸ்டா பக்கத்தில் எங்கள் வீடு இன்னும் இருக்கிறது. கிரகப்பிரவேசத்தன்று எடுத்த படம், மாவிலைத் தோரணத்தோடு. பின்னால் பளபளவென்று தெரிவது அந்தக் கிழக்குச் சுவர்.