எதனோல் ஒன்று, விடைகள் மூன்று: வெப்பவுள்ளுறை மாற்றத்தைக் கணிக்கும் வழிகள்

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கும் என்னிடம் ஆண்டுதோறும் வரும் கேள்வி இது. எதனோலின் தகன வெப்பவுள்ளுறையைப் பரிசோதனையால் கண்டால் ஒரு விடையும், தோன்றல் வெப்பவுள்ளுறைகளைக் கொண்டு கணித்தால் இன்னொன்றும், பிணைப்பு வெப்பவுள்ளுறைகளைக் கொண்டு கணித்தால் மூன்றாவது ஒன்றும் வருகின்றனவே, எதை நம்புவது? வெப்பவுள்ளுறை மாற்றம் என்பது மாறா அமுக்கத்தில் ஒரு தாக்கம் பெறும் அல்லது வெளிவிடும் வெப்பம்; வெளிவிட்டால் பெறுமானம் மறையாகும். தகனம் என்பது ஒட்சிசனில் முற்றாக எரிதல், தோன்றல் என்பது ஒரு சேர்வை அதன் மூலகங்களிலிருந்து உருவாதல், பிணைப்பு வெப்பவுள்ளுறை என்பது அணுக்களுக்கிடையிலான பிணைப்பை உடைக்கத் தேவையான வெப்பம்.

பரிசோதனையில் தொடங்குவோம். மதுசார விளக்கின் மேல் செப்புக் குவளையில் 200 கிராம் நீரை வைக்கிறோம். 1.00 கிராம் எதனோல் எரிந்து தீர்ந்தபோது நீரின் வெப்பநிலை 20 பாகை உயர்ந்தது என்று கொள்வோம். நீர் பெற்ற வெப்பம் 200 × 4.18 × 20 யூல், அதாவது 16.7 கிலோயூல். எதனோலின் மூலர்த் திணிவு, அதாவது ஒரு மூலின் (குறித்த பெரும் எண்ணிக்கையான மூலக்கூறுகளின்) திணிவு, 46 கிராம் ஆகையால், ஒரு மூலுக்கு ஏறத்தாழ 769 கிலோயூல் வெளியாகிறது. ஏற்றுக்கொள்ளப்பட்ட பெறுமானமோ 1367. கூதல் காற்று புகும் ஆய்வுகூடத்தில் சுவாலை சாயும் ஒவ்வொரு முறையும் வெப்பம் நீரைச் சேராமல் வெளியே போகிறது. குவளையின் அடியில் படியும் மெல்லிய கரி, எரிதல் முழுமையாகவில்லை என்பதற்குச் சாட்சி.

ஆயினும் இதைக் கொண்டு அளவீட்டையே ஒதுக்குவது தவறு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கும்போது வெளியாகும் வெப்பத்தை அளப்பதைப் பாருங்கள். 1.0 மூலர்ச் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்திலும் சோடியம் ஐதரொட்சைட்டிலும் 50 கன சென்ரிமீற்றர் வீதம் எடுத்து, வெப்பத்தை எளிதில் கடத்தாத ரெஜிபோம் (நுரைப் பிளாத்திக்கு) கோப்பையில் கலந்தால், கொள்கைப்படி 6.8 பாகை உயர்வு கிடைக்க வேண்டும். 6.5 பாகை கிடைத்தாலும் விடை ஒரு மூலுக்கு −54 கிலோயூல். உண்மைப் பெறுமானம் −57. மலைநாட்டில் இதற்கு ஓர் அனுகூலமும் உண்டு. இரு கரைசல்களின் போத்தல்களையும் பீலியில் வரும் குளிர்ந்த மலைத் தண்ணீரில் சற்று நேரம் வைத்து, அறை வெப்பநிலைக்கு 3 பாகை கீழிருந்து தொடங்கினால், முற்பாதியில் கோப்பை பெறும் வெப்பமும் பிற்பாதியில் இழக்கும் வெப்பமும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்.

அடுத்தது, 1840 இல் இரசாயனவியலாளர் ஹெஸ் வெளியிட்ட விதியின் வழி. தொடக்க நிலையும் இறுதி நிலையும் மாறாதிருந்தால் எந்தப் பாதையில் சென்றாலும் வெப்பவுள்ளுறை மாற்றம் ஒன்றே என்பதால், விளைவுகளின் நியமத் தோன்றல் வெப்பவுள்ளுறைகளின் கூட்டுத்தொகையிலிருந்து தாக்கிகளுடையதைக் கழித்தால் போதும். காபனீரொட்சைட்டு, நீர், எதனோல் என்ற வரிசையில்: 2(−393.5) + 3(−285.8) − (−277.7) = −1366.7 கிலோயூல். அளக்கவே முடியாத தாக்கத்துக்கும் இவ்வழி கைகொடுக்கும். காபனிலிருந்து காபனோரொட்சைட்டை மட்டும் பெறுவது இயலாது, காபனீரொட்சைட்டும் கூடவே வந்துவிடும், ஆனால் காபன் காபனீரொட்சைட்டாக எரியும் பெறுமானமான −393.5 இலிருந்து காபனோரொட்சைட்டு எரியும் பெறுமானமான −283.0 ஐக் கழித்தால் −110.5 என்று கிடைத்துவிடுகிறது. என் தெரிவு இதுவே. எனினும் அட்டவணையிலுள்ள பெறுமானங்களின் வேர் கவனமாகச் செய்யப்பட்ட கலோரிமானி (வெப்பத்தை அளக்கும் கருவி) அளவீடுகளில்தான் இருக்கிறது என்பதை மாணவர் மறக்கக் கூடாது.

பிணைப்பு வெப்பவுள்ளுறை வழியில் எதனோலிலும் ஒட்சிசனிலும் உடையும் பிணைப்புகளுக்குத் தேவைப்படுவது 4727, காபனீரொட்சைட்டிலும் நீரிலும் உருவாகும் பிணைப்புகள் வெளிவிடுவது 5974 கிலோயூல். விடை −1247 கிலோயூல். 1367 உடன் ஒப்பிட்டால் குறையும் 120 கிலோயூல் எங்கே போயிற்று? இந்த வழி எல்லாப் பொருள்களையும் வாயுவாகவே கருதுகிறது. 3 மூல் நீராவி ஒடுங்கும்போது 132 கிலோயூல் வெளியாகும். திரவ எதனோலை ஆவியாக்க ஏறத்தாழ 43 தேவை. ஆக, வித்தியாசத்தில் 89 பௌதிக நிலையால் வந்தது. எஞ்சிய 31, பிணைப்புப் பெறுமானங்கள் பல சேர்வைகளின் சராசரி என்பதால் வந்தது. தோன்றல் தரவு கிடைக்காத ஒரு சேர்வைக்கு மதிப்பீடு வேண்டுமென்றால் மட்டுமே இதை நாடுவேன். அப்போதும் சமன்பாட்டில் நீர் திரவமா, ஆவியா என்று பார்த்த பிறகே பேனாவை எடுப்பேன்.