புது சிஸ்டம் ஆன் ஆகலையா? "போர்டு போயிருச்சு" என்றதும் பணத்தை எடுக்காதீர்கள்

சுவிட்சை அழுத்தினால் ஃபேன் அரைச்சுற்று அசைந்து நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்தினால் அந்த அசைவும் இல்லை. பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டு மாட்டினால் திரும்பவும் அதே அரைச்சுற்று. பாகங்கள் வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் இந்த நிலையில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனது. மறுநாள் பதில் வந்தது: "போர்டு ஷார்ட் சார். சாக்கெட் பின்னும் வளைஞ்சிருக்கு, வாரன்டி எடுக்க மாட்டாங்க. வேற போர்டு போட்டுறலாம்." செக்கிங் சார்ஜ் 1,000 ரூபாய், புது போர்டு 9,500 ரூபாய்.

மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேபினெட்டில் மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சின்ன அளவு போர்டுக்கான இடத்தில் ஒரு பித்தளை ஸ்டட் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) திருகியே வந்திருந்தது. அதைக் கழற்றாமல் மேலே பெரிய அளவான முழு ஏடிஎக்ஸ் போர்டை மாட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் போர்டில் ஓட்டை கிடையாது. ஸ்டட் நேராகப் பின்பக்க ஈயப் புள்ளிகளில் போய் முட்டியிருக்கிறது. ஷார்ட் என்று கடை சொன்னது உண்மைதான், அது போர்டுக்குள் இல்லை. மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்பு வேலையைச் சரியாகச் செய்து நின்றிருக்கிறது. ஸ்டட்டைக் கழற்றியதும் அதே போர்டு ஓடியது. பிராசசர் உட்காரும் சாக்கெட்டில் வளைந்த பின் என்று ஒன்று இல்லவே இல்லை. அதைப் போட்டோ எடுத்துக் காட்டும்படி யாரும் கேட்கவுமில்லை.

கடைக்குத் தூக்கும் முன் அரை மணி நேரம் செலவழியுங்கள். எஸ்எம்பிஎஸ் பின்னாலுள்ள சுவிட்ச் கோடு போட்ட பக்கம் இருக்கிறதா பாருங்கள், வட்டம் என்றால் ஆஃப். சிரிப்பு வரும், ஆனால் இதற்கே சார்ஜ் வாங்கும் இடங்கள் உண்டு. அடுத்து எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் கேபிள். புது சாக்கெட் இறுக்கமாக இருக்கும், பூட்டு 'டக்' என்று விழும்வரை அழுத்த வேண்டும். பிராசசர் பக்கத்திலுள்ள 8 பின்னுக்கு 4+4 ஆகப் பிரியும் கேபிள்தான் போக வேண்டும். 6+2 ஆகப் பிரிவது கிராஃபிக்ஸ் கார்டுக்கு. இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்கும், அதனால் அதை இதில் திணிக்கவே கூடாது.

பிறகு கேபினெட் சுவிட்சின் இரண்டு பின் ஒயர். போர்டில் கேபினெட் முன்பக்க ஒயர்களுக்கான 9 பின் வரிசையில் 6ஆவதும் 8ஆவதும் பவர் சுவிட்சுக்கு. பக்கத்திலேயே 5, 7 ரீசெட்டுக்கு. ஒரு பின் தள்ளி மாட்டினால் சிஸ்டம் செத்ததுபோல்தான் கிடக்கும். ஒயரைக் கழற்றிவிட்டு 6, 8 இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். ஓடினால் கோளாறு சுவிட்சில்தான்.

அப்படியும் அசையவில்லையா? எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தனியாகச் சோதிக்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, எல்லாக் கேபிளையும் கழற்றி, 24 பின்னில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, அதன்பிறகே சுவிட்ச் போடுங்கள். எல்லா ஒயரும் கறுப்பாக இருந்தால் 16ஆவது பின்தான் அந்தப் பச்சை. அதன் இரு பக்கமும் கிரவுண்டு. ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது என்று மட்டும் அர்த்தம், நல்ல எஸ்எம்பிஎஸ் என்று அர்த்தமில்லை. லோடு இல்லாமல் ஃபேனே சுற்றாத மாடல்களும் உண்டு, அவற்றில் மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாகச் செய்ய வேண்டியதுதான் அந்தக் கடை செய்யாமல் விட்டது. போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், 24 பின், 8 பின், இவ்வளவுதான். முன்போலவே 6, 8 பின்களைத் தொட்டு ஆன் செய்யுங்கள். வெளியே ஓடி உள்ளே ஓடாவிட்டால் ஸ்டட்களை எண்ணுங்கள்: போர்டில் எத்தனை ஓட்டையோ அத்தனைதான் இருக்க வேண்டும், ஏடிஎக்ஸுக்கு வழக்கமாக 9.

ஃபேன்கள் தொடர்ந்து சுற்றி, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் அது வேறு பிரச்சினை. எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசரில் உள் கிராஃபிக்ஸ் இல்லை. மானிட்டர் கேபிள் கார்டில் இருக்க வேண்டும். டிடிஆர்5 ராம் போட்ட ஏஎம்5 (ஏஎம்டி பிராசசர் சாக்கெட்) சிஸ்டம் முதல் தடவை சில நிமிடங்கள் கறுப்பாகவே நிற்கும், ராமைப் பழக்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமென்றால், கொடுப்பதற்கு முன் சீரியல் நம்பர் ஸ்டிக்கர்களையும், பிராசசரைக் கழற்றி சாக்கெட்டையும் போட்டோ எடுங்கள். திருப்பி வரும்போது பின் வளைந்திருந்தால் அது ஒன்றுதான் சாட்சி. போர்டை வெளியே வைத்து உங்கள் கண் முன்னால் ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். வாரன்டி உண்டா இல்லையா என்பதை அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரே சொல்லட்டும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய போர்டைக் கையோடு வாங்கி வாருங்கள், பில்லில் இரண்டு சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் அங்கே கூப்பிட்டுப் பெரிய பயனில்லை.