கேமராவா, கோடைக்கால வேலையா: குற்றத்தடுப்பு நிதி எதற்கு?
குற்றத்தடுப்புக்கு அரசு பணம் ஒதுக்கினால் பல ஊர்களில் முதலில் வாங்குவது கண்காணிப்பு கேமராதான். தப்பில்லை. 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019ல் வந்த அலசலில், கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்திருந்தது, வாகன நிறுத்துமிடங்களில் நன்றாகவே. ஆனால் அடிதடி, கத்திக்குத்து மாதிரி வன்முறையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. அப்புறம் பராமரிப்பு. வாங்க மட்டும் மானியம் வந்தால், லென்ஸில் தூசி படிந்து வயர் அறுந்து தொங்கும்போது யார் பணம் தருவது?

இன்னொன்று, இளைஞர்களுக்குக் கோடைக்கால வேலை. சிகாகோவில் 2012ல், வன்முறை மிகுந்த பகுதிகளின் பள்ளி மாணவர்கள் 1,634 பேரில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து 8 வாரம் சம்பளத்தோடு வேலை கொடுத்தார்கள். 16 மாதங்களில் வன்முறைக் குற்றத்துக்காக அவர்கள் கைதானது, வேலை கிடைக்காதவர்களைவிட 43 சதவீதம் குறைவு, அந்தக் குறைவில் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகு வந்தது. திருட்டில் அப்படிக் குறையவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

வண்டித் திருட்டுதான் தொல்லையென்றால் கேமரா சரி. பிள்ளைகள் கத்தி தூக்குகிற இடமென்றால் அந்தப் பணத்தை அவர்கள் கையில் சம்பளமாகக் கொடுக்கத்தான் சொல்வேன்.