ட்ரூத் சோஷியல்: ஒரு பனியன்காரனின் மதிப்புரை

ட்ரூத் சோஷியல் என்பது அமெரிக்க அதிபர் டிரம்ப்பின் சொந்தச் சமூக வலைத்தளம். என் போனில் இந்த ஆப்பைப் பார்ப்பவர்கள் ஒரு நொடி என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். நியூஜெர்சி எடிசனில் எங்கள் அடுக்ககத்தில் சிலர் "நீங்களுமா?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். சிலர் "நம்மாளு" என்று தோளில் தட்டுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் நான் ஆளில்லை. கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறவன்; ஓட்டே கிடையாது.

நான் பார்ப்பது துணி இறக்குமதி வேலை. திருப்பூரில் தைக்கிற டி-ஷர்ட் நியூவர்க் துறைமுகத்தில் இறங்கி, சுங்கம் கட்டி, கிடங்குக்குள் போகிறவரை காகிதம் தள்ளுவது என் பொறுப்பு. 2025 ஏப்ரலில் டிரம்ப் உலகத்துக்கே வரி போட்டபோது, "எதுவானாலும் அங்கேதான் முதலில் வருகிறது, நீயும் வைத்துக்கொள்" என்று முதலாளி சொன்னார். வைத்துக்கொண்டேன். தீபாவளியும் முடிந்துவிட்டது, ஆறு மாதத்துக்கு மேல் பழகிவிட்டேன், இப்போது எழுதலாம்.

ஆப் இலவசம். பார்க்கப் பழைய ட்விட்டர் மாதிரியே இருக்கும். மாஸ்டடான் என்ற இலவச மென்பொருளின் மேல் கட்டியது. அதை ஆரம்பத்தில் சொல்லாமல் விட்டதால் மாஸ்டடான்காரர்கள் ஆட்சேபித்து, அப்புறம்தான் மூல நிரலை வெளியிட்டார்கள். பதிவுக்குப் பெயர் 'ட்ரூத்', பகிர்ந்தால் 'ரீ-ட்ரூத்'. எங்கள் வீட்டில் இதை மொழிபெயர்த்துவிட்டோம். "இன்னைக்கு எத்தனை உண்மை வந்துச்சு?" என்பாள் மனைவி, சட்னி அரைத்துக்கொண்டே.

கடை பிறந்த கதை தெரிந்ததுதான். 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கலவரத்துக்குப் பிறகு, 8-ஆம் தேதி ட்விட்டர் டிரம்ப்பை வெளியேற்றியது. அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 8.8 கோடிப் பேர். அந்த மே மாதம் தனியாக ஒரு வலைப்பக்கம் திறந்தார்; ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. 2022 பிப்ரவரியில் இது வந்தது, முதலில் ஐபோனுக்கு மட்டும். 2024 மார்ச்சில் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கும் போனது. அந்த ஆண்டு மொத்த வருமானம் 36 லட்சம் டாலர், நஷ்டம் 40 கோடி டாலர். திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனி இதைவிட அதிகம் ஏற்றுமதி செய்யும். ஆனால் கடையின் மதிப்பைக் கல்லாவில் பார்க்கக்கூடாது. இங்கே விற்பது ஒரே சரக்கு, அது முதலாளியின் வாய்.

நான் பின்தொடர்வதும் அந்த ஒரு கணக்கைத்தான். அவர் எழுதினால் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறேன். அடிக்கிறது. ஆப்பின் மேல் எனக்குக் குறையே இல்லை. மணி அடித்ததும் என்ன வருகிறது என்பதுதான் பேச்சு.

ஏப்ரல் 9 அன்று காலை 9.37-க்கு, வாங்குவதற்கு அருமையான நேரம் இது என்று முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு பதிவு. கடைசியில் டி.ஜே.டி. என்று கையெழுத்து. அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் அவைதான், அவருடைய கம்பெனிப் பங்கின் குறியீடும் அதுதான். எதை வாங்கச் சொல்கிறார் என்று அலுவலகத்தில் பட்டிமன்றமே நடந்தது. மதியம் 1.18-க்கு அடுத்த மணி: சீனா தவிர மற்ற நாடுகளுக்குப் போட்ட வரி 90 நாள் நிறுத்தம், அதுவரை 10 சதவீதம் மட்டும். டப்பாவில் தயிர்சாதம் பாதியில் இருந்தது. பங்குச் சந்தை அன்று ஒன்பது சதவீதத்துக்கு மேல் ஏறியது. எங்கள் சுங்க ஏஜென்ட் அம்மாவுக்குப் போன் செய்தால், "அரசாணை வரட்டும், அதுவரை எதையும் மாற்றாதே" என்றார். அன்றைக்கு அது பழைய பஞ்சாங்கம் போலத் தெரிந்தது.

ஜூலை 30, புதன்கிழமை. காலை எட்டு மணி வாக்கில் மணி அடித்தது. இந்தியா நண்பன்தான், ஆனால் அதன் வரிகள் அநியாயம், ரஷ்யாவிடம் ஆயுதமும் எண்ணெயும் வாங்குகிறது, ஆகவே ஆகஸ்டு 1 முதல் 25 சதவீத வரி, அதற்கு மேல் ஓர் அபராதம். திருப்பூரில் அப்போது மாலை. என் மச்சினன் அங்கே இருபத்திரண்டு மிஷின் வைத்து பவர் டேபிள், அதாவது சின்னத் தையல் கூடம், நடத்துகிறான். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் வொர்க். பத்தே நிமிடத்தில் அழைத்தான்.

"மாமா, இருபத்தஞ்சு பர்சன்ட்டுங்கறாங்க, மேல ஃபைனும் உண்டாமா. ஃபைன் எவ்வளவுங்க?"

"அதைப் போடலை மாப்ள."

"தொகை போடாம எப்படிங்க ஃபைனு?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு பன்னிரண்டு தாண்டி இன்னொரு மணி. இந்தியாவும் ரஷ்யாவும் தங்கள் செத்த பொருளாதாரங்களைச் சேர்ந்தே மூழ்கடித்துக்கொள்ளட்டும், எனக்கென்ன என்கிற பதிவு. தொகை அதிலும் இல்லை. ஆகஸ்டு 1 வந்தது, போனது. வரி அமலானது 7-ஆம் தேதி. இடையில் 4-ஆம் தேதி, இந்தியாவுக்கு வரியைக் கணிசமாக உயர்த்தப்போகிறேன் என்று ஒன்று. எவ்வளவு? கணிசமாக! 6-ஆம் தேதி அரசாணை வந்த பிறகுதான் இன்னொரு 25 என்றும், அது ஆகஸ்டு 27 முதல் என்றும் தெரிந்தது. அதற்கு முன்பே கப்பலில் ஏற்றி, செப்டம்பர் 17-க்கு முன் இங்கே இறங்கும் சரக்குக்கு அந்தக் கூடுதல் வரி கிடையாது என்ற சலுகையும் ஆணைக்குள்ளேதான் இருந்தது. எனக்கு வேண்டிய ஒரே வாக்கியம் அது. மணி அடித்தது எதிலும் அது வரவில்லை.

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று பேசுகிற மனிதர் என்கிறார்கள். எனக்கு வெட்டு உடனே வந்துவிடுகிறது. துண்டு எத்தனை என்பதுதான் ஒரு வாரம் கழித்து வருகிறது.

துண்டின் கணக்கு இது: திருப்பூரில் 3 டாலருக்கு ஏற்றும் பருத்தி டி-ஷர்ட்டுக்கு வழக்கமான சுங்கம் 16.5 சதவீதம், கிட்டத்தட்ட 50 சென்ட். 2025 ஆகஸ்டு 27-க்குப் பிறகு அது 66.5 சதவீதம் ஆனது, அதாவது 2 டாலர். அந்த ஒன்றரை டாலரை யார் தலையில் கட்டுவது என்றுதான் ஆகஸ்டு முழுக்க எனக்கு மின்னஞ்சல் வேலை. இங்கே வாங்குகிற ஒரு பையர் பாதியை ஏற்றுமதிக்காரர் ஏற்கட்டும் என்றார், அவர் ஜாப் வொர்க் ரேட்டில் கை வைத்தார். செப்டம்பரில் மச்சினனிடம் ஓடியது ஒன்பது மிஷின்.

இவர் இப்படி எழுதலாமா என்ற சண்டை இந்த நாட்டில் பத்து வருடமாக ஓய்வதில்லை. 2018-ல் வெளியுறவு அமைச்சர் டில்லர்சனை ட்வீட் போட்டு நீக்கியவர். விமர்சிப்பவர்களை ட்விட்டரில் தடுக்கக்கூடாது என்று நீதிமன்றம் வரை போய், 2019-ல் மேல்முறையீட்டிலும் தோற்றவர். எழுதுவது எல்லாவற்றுக்கும் தான் ஒத்துப்போவதில்லை என்று மனைவி மெலானியாவே பேட்டி கொடுத்திருக்கிறார். எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் மூன்று தேர்தலிலும் அவருக்கே போட்டவர். "மற்றவர்கள் பத்துப் பேர் எழுதித் தருவதை வாசிப்பார்கள். இவர் காலையில் என்ன நினைக்கிறார் என்று எனக்கே தெரியும்" என்கிறார். இதில் நியாயம் இருக்கிறது. அவரை நான் மடக்கப் பார்த்ததில்லை. ஆனால் நினைப்பது தெரிவதும் செய்யப்போவது தெரிவதும் ஒன்றா? சரக்கு கடலில் கிடக்கும்போது எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

நம்மாட்கள் நிலைதான் வேடிக்கை. 2019-ல் மோடியும் டிரம்ப்பும் சேர்ந்து நின்ற ஹூஸ்டன் 'ஹவுடி மோடி' கூட்டத்துக்கு விமானம் ஏறிப் போன நண்பர் ஒருவர், மனதில் பட்டதைப் பேசும் தலைவர் என்று டிரம்ப்பைக் கொண்டாடுவார். 2025 மே 10 அன்று இந்தியா-பாகிஸ்தான் சண்டை நிறுத்தத்தை டெல்லி சொல்வதற்கு முன்பே டிரம்ப் இந்த ஆப்பில் அறிவித்தார், அமெரிக்கா மத்தியஸ்தம் செய்தது என்றார். இரு நாட்டு ராணுவமும் நேரடியாகப் பேசி முடித்தது என்றது இந்தியா. அன்று மாலை நண்பருக்கு அந்த வெளிப்படைப் பேச்சு கசந்துவிட்டது. மருமகன் வாய் நீளம் என்பது நம் வீட்டுக்குள் பேசும்போதுதானே உறைக்கும்.

செப்டம்பர் 20-ஆம் தேதிப் பதிவையும் சொல்ல வேண்டும். அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான தன் அட்டர்னி ஜெனரல் பாம் பாண்டியை "பாம்" என்று பெயர் சொல்லி அழைத்து, தன் எதிரிகள் மேல் ஏன் இன்னும் வழக்கு இல்லை என்று கேட்டிருந்தார். தனிச் செய்தியாக அனுப்ப நினைத்தது பொதுவில் விழுந்துவிட்டது என்று பிறகு பத்திரிகையில் வந்தது. ஐந்தே நாளில் எஃப்.பி.ஐ.யின் முன்னாள் தலைவர் கோமி மேல் குற்றச்சாட்டு பதிவானது. அன்றைக்கு மட்டும் வெட்டும் துண்டும் சேர்ந்தே வந்தன.

எனக்குப் பிடித்த ஒன்றும் உண்டு. இவ்வளவு கத்திவிட்டு, பல பதிவுகளின் முடிவில் "இவ்விஷயத்தில் தாங்கள் கவனம் செலுத்தியமைக்கு நன்றி" என்று போடுவார். அவிநாசி தாலுகா ஆபீஸுக்கு என் அப்பா எழுதிய மனுக்கள் இப்படித்தான் முடியும். முதல் தடவை படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

நட்சத்திரம் கேட்டால், வேகத்துக்கு நாலரை. அதை நம்பி விலை பேசலாமா என்றால் அரைகூடக் கிடையாது. ஏற்றுமதி இறக்குமதியில் இருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மணி அடித்ததும் ஆர்டரை ரத்து செய்யாதீர்கள். ஆணை வரும்வரை பொறுங்கள். ஏஜென்ட் அம்மாவின் பஞ்சாங்கம்தான் சரியாக இருந்தது. மற்றவர்களுக்கு இது தேவையில்லை, எப்படியும் அரை மணியில் டிவியில் வந்துவிடும்.

அக்டோபர் 10 வெள்ளிக்கிழமை, சீனாவுக்கு நவம்பர் 1 முதல் கூடுதலாக 100 சதவீதம் என்று எழுதினார். மச்சினன் குரலில் பல வாரத்துக்குப் பிறகு ஒரு தெம்பு.

"அப்ப அந்த ஆர்டரெல்லாம் நம்ம பக்கம் வருமுங்களா மாமா?"

"அவசரப்படாத மாப்ள. முதல்ல நவம்பர் 1 வரட்டும், பார்த்துக்கலாம்."

அந்தத் தேதியும் அதே பதிவில் இருந்ததுதான் என்பது போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.