ரோபோ வெல்டிங்குக்கு எந்த சென்சார்? ஆர்க்கா, லேசரா, தெர்மல் கேமராவா?

ரோபோ வெல்டிங்ல தலைவலி ரோபோ இல்லீங்க, ஜாப் தான், அதாவது பத்தவைக்கிற பொருள். ரோபோ சொன்ன இடத்துக்கு கரெக்டா போய் நிக்கும், ஆனா தகடு வெட்டினதுல ஒரு மில்லி வித்தியாசம், அதைப் பிடிச்சு வைக்கிற ஃபிக்சர்ல சரியா உக்காராதது, சூடேற ஏற தகடு கோணிக்கிறதுன்னு எல்லாம் சேர்ந்து ஜாயின்ட்டு அந்த இடத்துல இருக்காது. அது எங்க இருக்குன்னு ரோபோவுக்கு காட்டத்தான் சென்சார்.

செலவு கம்மின்னா ஆர்க் சென்சிங். பத்தவைக்கிற டார்ச்ல எதுவும் மாட்ட வேணாம், டார்ச் இடமும் வலமும் ஆடிட்டே போகும், ஒரு சுவருக்கு கிட்ட போனா வயர் நீட்டம் குறைஞ்சு கரண்ட் ஏறும், அதை வச்சே நடு எதுன்னு கண்டுபிடிச்சுக்கும். கனமான தகட்டுல ஃபில்லெட் (ரெண்டு தகடு சேர்ற மூலை), வி குரூவுக்கு (V மாதிரி பள்ளம்) இதுவே தாராளம். மெல்லிசு தகட்டு லேப் ஜாயின்ட்ல, அதாவது ஒண்ணு மேல ஒண்ணு வச்ச ஜாயின்ட்ல, கைவிட்டுடும்.

லேசர், டார்ச்சுக்கு முன்னாடி ஒரு கோடு போட்டு அது எங்க உடையுதுன்னு பாக்கும். சீம், அதாவது ஜாயின்ட் கோட்டை, பிடிக்க இதை அடிச்சுக்க ஆள் கிடையாது, நடுவுல கேப் எவ்ளோன்னும் சொல்லிடும். பளபள அலுமினியத்துல மட்டும் கொஞ்சம் படுத்தும், இடுக்கான மூலையில சென்சாரே இடிக்கும்.

ஆனா பத்தவச்சது உள்ள எப்படி இறங்குச்சுன்னு லேசருக்கு தெரியாது, அங்க தான் தெர்மல் கேமரா வருது. டார்ச் நடுவுல போனா சூடு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பரவும், விலகினா படத்துல அந்த வளையம் ஒரு பக்கமா கோணிடும். 1983லயே அமெரிக்காவுல ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்காரங்க இதை எழுதிட்டாங்க. அப்புறம் ஏன் எல்லா ஷாப்லயும் இல்லன்னா, எமிசிவிட்டி, அதாவது ஒரு பரப்பு தன் சூட்டை எவ்ளோ நல்லா கதிரா வெளிய விடுதுங்கிற அளவு, அதிகபட்சம் 1. துருவும் கருப்பும் ஏறின ஸ்டீல் 0.8 பக்கம், பாலிஷ் அலுமினியம் 0.1 கூட வராது, அதனால ஒரே சூட்டுல ரெண்டும் வேற வேற நம்பர் காட்டும். இன்னும் கூத்து என்னன்னா, உருகின உலோகக் குட்டையை விட அதை ஒட்டின கெட்டி தகடு படத்துல அதிக சூடா தெரியலாம்! போதாததுக்கு 8-14 மைக்ரான் கேமராவுக்கு சாதா கண்ணாடி சுவர் மாதிரி, ஸ்பேட்டர் (தெறிக்கிற உலோகத் துளி) படாம காக்க ஜெர்மானியம் ஜன்னல் போடணும், அதோட விலை வேற.

அதனால சீம் பிடிக்க மட்டும்னா தெர்மல் வாங்காதீங்க. டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் (ஒரு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா பல பாஸ் போடுற ஜாப்ல, பாஸுக்கு பாஸ் சூடு பொதுவா 150 டிகிரிக்கு கீழ இறங்கணும்னு இருக்குமே, அங்க ரோபோவையே காத்திருக்க வைக்க இது அருமை. வாங்கினா மொதல்ல அதே தகட்டுல தெர்மோகப்பிள் (தொட்டு சூடு அளக்கிற கம்பி) ஒட்டி கேமரா நம்பரை சரிபாருங்க, மெட்டீரியல் மாறினா திரும்பவும் பாருங்க.