ஒரு ஆன்டிவைரஸா, இரண்டா?

குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்தும் அண்ணன் ஒருவர், பாதுகாப்புக்கென்று கணினியில் இரண்டு ஆன்டிவைரஸும் தனி ஃபயர்வாலும் (நெட் வழியாக வருவதையும் போவதையும் வடிகட்டும் காவல் மென்பொருள்) போட்டிருக்கிறார். புக்கிங் ஃபைலைத் திறந்தால் இரண்டுமே அதைப் பிடித்துச் சோதிக்கின்றன; 4 ஜிபி ரேம் திணறுகிறது. ஒன்று பிடித்து வைத்த வைரஸைப் பார்த்து மற்றது எச்சரிக்கை விடும். பிரிண்டர் நின்றால், எந்த ஃபயர்வால் தடுத்தது என்று தேடுவது தனிப் பாடு.

விண்டோஸ் 10, 11-உடன் வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரும் அதன் ஃபயர்வாலும் மட்டும் என்றால் இந்தச் சண்டையே இல்லை. வேறு ஆன்டிவைரஸ் ஒன்று போட்டால் டிஃபெண்டர் பெரும்பாலும் தானே ஒதுங்கிவிடும், சரி. அதற்கு மேல் இன்னொரு ஆன்டிவைரஸையும் போட்டால்தான் மோதல். ரவுட்டரின் ஃபயர்வால் வேறு விஷயம், அது வெளிவாசல் காவல். அதை அணைக்கவே கூடாது. இரண்டாவது கருத்து வேண்டுமா? நாம் சொன்னால் மட்டும் ஸ்கேன் செய்யும் மென்பொருள் போதும். என் ஓட்டு ஒன்றுக்குத்தான். அப்புறம், மழையில் நெட் அறுந்து திரும்பியதும் முதல் வேலையாக அப்டேட்டைப் போடுங்கள் அண்ணே.